வெள்ளத்துல போன டி-55 டேங்க்க திரும்ப நிக்க வைக்கது எப்படி: பாதி பார்ட் காணாமப் போன மாடலுக்கு முழு வழி

2023 டிசம்பர் 17, 18 எங்க பக்கத்து ஆளுக யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரையேறி ஜங்ஷன் பக்கம் தெருத்தெருவா உள்ள வந்துட்டு. சிந்துபூந்துறைல அத்தான் வீட்டுல இடுப்பளவு தண்ணி. வடிஞ்ச பொறவு சேறு அள்ளப் போனப்ப சோகேசுக்கு அடியில ஒரு டேங்க் கெடந்துச்சு. 1/35 அளவு, அதாவது நெசமான டேங்க்ல 35ல ஒரு பங்கு இருக்க பிளாஸ்டிக் மாடல் டி-55, அத்தான் கல்யாணத்துக்கு முன்னாடி ஒட்டுனது. பீரங்கிக் குழாய் இல்ல, சக்கரம் மூணு இல்ல, சக்கரத்த சுத்தி ஓடுற செயின் ஒரு பக்கம் அறுந்து தொங்குது, இடது முன்பக்க மட்கார்டு பிஞ்சிட்டு, பின்னால இருக்க ரெண்டு டீசல் டிரம்ல ஒண்ணு காணும், டேங்க் மேல கமாண்டர் ஏறி இறங்குற ஓட்டையோட மூடி காணும், சர்ச் லைட் காணும். "தூரப் போட்டுரு மாப்ள, பீரோவே போச்சு, இத வச்சு என்ன செய்ய"ன்னாவ. நான் பேசாம ஒரு சாக்குல சுத்தி வீட்டுக்கு கொண்டாந்துட்டேன்.

அத எப்படி சரி பண்ணேன்னு மொதல்ல இருந்து சொல்லுதேன். உங்ககிட்ட இருக்கது ஷெர்மன், சென்டூரியன் மாதிரி வேற டேங்க்கோ ஜீப்போ எதுவா இருந்தாலும் முக்காவாசி இதே வேலதான்.

கழுவுறதுக்கு முன்னாடி

சேத்தோட இருக்கும்போதே நாலு பக்கமும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, பொறவு எந்த துளையில என்ன இருந்துச்சுன்னு தேடி முழிக்க வேண்டாம். சேற அப்படியே வழிச்சு குப்பைல போட்றாதீங்க, பழைய வாளில ஊற வச்சு வடிகட்டிப் பாருங்க. எனக்கு அந்த சேத்துக்குள்ளேயே பின்பக்க கொக்கி ஒண்ணும் ஒரு ஹெட்லைட்டும் கெடச்சுது. காய்ஞ்ச வண்டல்ல ஒரு டப்பா அளவு தனியா எடுத்து வைங்க, எதுக்குன்னு கடைசில சொல்லுதேன்.

கழுவுறதுக்கு சாதா தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான். வெந்நி ஊத்தாதீங்க, பிளாஸ்டிக் வளைஞ்சிரும். காயவைக்க மொட்டமாடிக்கு கொண்டு போகவே போகாதீங்க, நம்ம ஊரு வெயில்ல தரையில கால் வைக்க முடியாது, இந்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் எம்மாத்திரம். நெழல்ல, ஃபேன் காத்துல ஒரு ராத்திரி போதும்.

பெயின்ட்ட உரிக்கணுமா?

நெறைய பேரு எடுத்த உடனே பெயின்ட்ட உரிக்கத்தான் நிப்பாங்க. என்னைக் கேட்டா, அடில இருக்க விவரம் மூடாம இருந்துச்சுன்னா உரிக்காதீங்க, அது மேலயே அடிக்கலாம். கட்டிகட்டியா அப்பிக் கெடந்தா மட்டும் உரிங்க. உரிக்கதுன்னா மொதல்ல டேங்க்க கவுத்து வயித்துப் பக்கம் ஒரு ஓரத்துல இயர்பட்ஸால ஐசோபுரொப்பைல் ஆல்கஹால தொட்டு தேய்ச்சுப் பாருங்க, கலர் பஞ்சுல ஏறுச்சுன்னா அக்ரிலிக், அந்த ஆல்கஹாலே போதும். ஏறலன்னா எனாமலா இருக்கலாம், அதுக்கு மெக்கானிக் கடையில கிடைக்குற பிரேக் ஆயில்ல ஊறப் போட்டு அப்பப்ப எடுத்துப் பாத்து பிரஷ்ல தேய்க்கணும், கையில கிளவுஸ் கட்டாயம். பெட்ரோல், என்சி தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இந்த மூணையும் கிட்டயே கொண்டாராதீங்க, பெயின்ட்டோட சேத்து டேங்க்கும் கரைஞ்சிரும்.

இன்னொண்ணு, அத்தான் அந்தக் காலத்துல பாதி பார்ட்ட ஃபெவிக்விக் போட்டு ஒட்டிருக்காவ, அதுவும் கோணலா. அத கழட்டணும்னா டேங்க்க பாலித்தீன் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வைங்க, குளிர்ல அந்த பசை நொறுங்குற பதத்துக்கு வந்துரும், பிளேடு நுனிய உள்ள விட்டு பைய திருப்புனா டக்குன்னு விட்டுரும். மாடல் பசை போட்டு ஒட்டுனது இப்படி விடாது, அது பிளாஸ்டிக்கையே உருக்கி ஒண்ணாக்கிருக்கும். தோசை மாவு பக்கத்துல டேங்க்கப் பாத்து எங்க அம்மா கேட்ட கேள்விய இங்கன எழுத முடியாது.

எது வேணும், எது வேண்டாம்

இங்கனதான் கொஞ்சம் உக்காந்து யோசிக்கணும். காணாமப் போன எல்லாத்தையும் செஞ்சு மாட்டணும்னு கெளம்புனீங்கன்னா ரெண்டே வாரத்துல சலிச்சுப் போய் பரண்ல போட்ருவீங்க. ஒரு பேப்பர் எடுத்து மூணா பிரிச்சு எழுதுங்க: இது இல்லன்னா டேங்க்கே இல்லன்னு ஒண்ணு, நெசமான டேங்க்லயே இல்லாம இருக்கும்னு ஒண்ணு, மறைச்சிரலாம்னு ஒண்ணு.

இதுக்கு அந்த வண்டிய பத்தி கொஞ்சம் படிக்கணும். டி-55 சோவியத்ல 1958ல வந்தது, அப்ப அதுல டரெட் (பீரங்கியோட சுத்துற மேல் கூண்டு) மேல 12.7 மில்லிமீட்டர் டிஷ்கா மெஷின் கன் கெடையாது, பொறவு 1970 வாக்குலதான் திரும்ப மாட்டுனாங்க. அதனால மெஷின் கன் தொலைஞ்சவங்க அழ வேண்டாம், ஆரம்ப கால டி-55னு விட்ரலாம். ஆனா டரெட் கூரையில காளான் குடை மாதிரி ஒரு காத்துப் போக்கி மூடி இருந்துச்சுன்னா அது டி-54, டி-55ல அத எடுத்துட்டாங்க, அப்படி இருந்தா உங்க கிட்ட இருக்கது எதுன்னு மறுபடி பாத்துக்கோங்க. பின்னால இருக்க 200 லிட்டர் டிரம் ரெண்டும் தூரப் பயணத்துக்கு கூடுதல் டீசலுக்குத்தான், சண்டைக்கு முன்னாடி கழட்டி விட்ருவாங்க. மட்கார்டு பிஞ்சு நெளிஞ்சு கெடக்காத டேங்க்க எந்தப் போர் போட்டோலயும் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

1971 போர்ல நம்ம ராணுவம் ஓட்டுன டேங்க்ல டி-55ம் ஒண்ணு, அதனால அத்தான் டேங்க்க அந்த வருஷத்து இந்திய வண்டியாவே பண்ணிருவோம்னு முடிவு பண்ணேன். அப்ப லிஸ்ட் இப்படி ஆயிட்டு. குழாய், சக்கரம், செயின் மூணும் கட்டாயம். டிரம் ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு இல்லாட்டா போகட்டும், வெறும் தாங்கி மட்டும் நிக்கட்டும். மட்கார்டு பிஞ்சபடியே. சர்ச் லைட்டுக்கு பதிலா பிராக்கெட் மட்டும். கமாண்டர் மூடி இருந்த ஓட்டைய மறைக்கணும். ஏழு வேல நாலா கொறைஞ்சிட்டு பாத்தீங்களா.

குழாய்

நெசமான டி-55 குழாய் முன்னால நீட்டி இருக்கையில மொத்த நீளம் 9 மீட்டர். 9000 மில்லிமீட்டர 35ஆல வகுத்தா 257. டரெட்ட நேரா வச்சு, டேங்க்கோட பின் விளிம்புல இருந்து அளந்து 257 மில்லிமீட்டர்ல குழாய் நுனி நிக்கணும், டிரம்ம கணக்குல சேக்காதீங்க. பீரங்கி வாய் 100 மில்லிமீட்டர், அது நமக்கு 2.9 மில்லிமீட்டர் துளை.

மொதல்ல அம்பாசமுத்திரம் போய் கடைசல் பட்டறையில ஒரு அண்ணாச்சிகிட்ட படத்தக் காட்டி மரத்துல கடைஞ்சு கேட்டேன். மரச் சொப்பு செய்த கை, அவங்களுக்கு இது பெரிய விஷயமான்னு நெனச்சேன். அவரு படத்தையும் என்னையும் மாறி மாறி பாத்துட்டு "என்னவே இது, மத்துக் குச்சியா, இவ்வளவு ஒல்லியாவா?"ன்னாரு. டேங்க்குன்னதும் சிரிச்சிட்டு உக்காந்து ரெண்டு கடைஞ்சு தந்தாரு, ரெண்டும் அழகுதான், ஆனா துளை போடுறப்ப பொளந்துட்டு. தப்பு அவரு மேல இல்ல, அஞ்சு மில்லிமீட்டர் மரத்துல மூணு மில்லிமீட்டர் துளை கேட்ட என் கோட்டித்தனம்.

வேலைக்கு ஆனது பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஆன்டெனா. இரும்புக் கடையில குப்பையோட குப்பையா கெடக்கும். ஒண்ணுக்குள்ள ஒண்ணா போற குழாய், அடி பெருசு நுனி சிறுசு, பீரங்கிக் குழாய் ஒடுங்குற மாதிரியே வரும். உங்களுக்கு வேண்டிய மூணு துண்ட தேர்ந்தெடுத்து, அறுக்கும்போது ஒரே இடத்துல அழுத்தாம சின்ன அரத்த வச்சு சுத்திச் சுத்தி கீறி ஒடிங்க, இல்லன்னா நசுங்கிரும். துண்டு சேருற எடத்துல படி தெரியும், அங்க எபாக்ஸி புட்டி பூசி காஞ்சதும் உப்புத்தாள் போட்டு சரிவாக்கணும். மேல இருக்க பளபளப்பையும் உப்புத்தாளால மங்க வைங்க, இல்லன்னா பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்குற பிரைமர் நிக்காது.

நுனியில ஒரு உருளைப் புடைப்பு இருக்கும், புகைய இழுத்து வெளிய தள்ளுற பாகம். அத பேப்பர் பட்டை சுத்தி ஃபெவிக்விக் ஊற விட்டா மரம் மாதிரி ஆயிரும், பொறவு தேய்ச்சு உருட்டிக்கலாம். எடம் முக்கியம்: 100 மில்லிமீட்டர் பீரங்கிக்கு அது வாய்ப் பக்கத்துல இருக்கும், நம்ம ராணுவம் பிற்பாடு பல டி-55ல 105 மில்லிமீட்டர் எல்7 பீரங்கி மாத்துனாங்க, அதுல புடைப்பு குழாயோட நடுவாக்குல வரும். 1971னு சொல்லிட்டு நடுவுல வச்சீங்கன்னா தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சிருவாங்க.

டரெட்ல ஒடிஞ்ச எடத்துல ஒரு துளை போட்டு பேப்பர் கிளிப் கம்பிய ஊசி மாதிரி எறக்கி, குழாய அதுல சொருகி எபாக்ஸி போடுங்க. பசைய மட்டும் நம்பாதீங்க, தொடச்சு வைக்குறப்ப மொதல்ல இடிக்கது குழாய்தான். ஒடிஞ்ச எடம் அசிங்கமா இருந்தாலும் கவல இல்ல, நெசமான வண்டில அங்க கேன்வாஸ் துணி உறை போட்டிருப்பாங்க. டிஷ்யூ பேப்பர ஒரு அடுக்கா பிரிச்சு, ஃபெவிகால தண்ணி விட்டு கரைச்சு, அதுல நனைச்சு சுத்தி ட்வீசரால மடிப்பு மடிப்பா தள்ளி விடுங்க. காஞ்ச பொறவு அசல் துணிதான்.

கமாண்டர் மூடிக்கும் அதே டிஷ்யூ வைத்தியம்தான். ஓட்டைக்கு மேல தார்ப்பாய் மடிச்சுப் போட்ட மாதிரி பண்ணி, நூலால கட்டி விட்டுட்டேன்.

சக்கரம்

ஒரு பக்கத்துக்கு அஞ்சு சக்கரம், ஒவ்வொண்ணும் உள்ள ஒரு தட்டு வெளிய ஒரு தட்டுன்னு ஜோடி. மொத சக்கரத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல மட்டும் எடைவெளி அதிகமா இருக்கும், அதான் டி-55ஓட அடையாளம், சக்கரம் மாட்டுற அச்சாணிய நிமித்துறப்ப அந்த எடைவெளிய கெடுத்துராதீங்க.

எனக்கு மூணு வெளித்தட்டு வேணும். சிலிக்கான் ரப்பரும் ரெசினும் வாங்கி வார்க்கலாம், நல்லா வரும், ஆனா மூணு சக்கரத்துக்கு அந்த செலவு தேவையில்ல. குழாய் ஒழுகுனா அடைக்க எல்லா வீட்டுலயும் இருக்குமே எம்-சீல், அதே போதும். மொதல்ல வார்க்கதுக்கு ஒரு அச்சு எடுக்கணும். எம்-சீல்ல இருக்க ரெண்டு கட்டியையும் சரிசமமா எடுத்து ஒரே நெறம் வார வரைக்கும் பிசைங்க, வரி வரியா தெரிஞ்சா இன்னும் பிசையணும். ஒரு டைல்ஸ் துண்டு மேல வட்டமா தட்டி வச்சு, இருக்க நல்ல சக்கரத்துக்கு தேங்காய் எண்ணெய் லேசா தடவி, மேல முகப்பவுடர் தூவி, முகம் கீழ பாக்க நேரா அழுத்துங்க, ஆட்டாதீங்க. அரை மணி நேரம் போல விட்டு, நகம் வச்சா லேசா பதியுற பதத்துல சக்கரத்த நேரா மேல தூக்கணும். முழுசா எறுகுன பொறவு எடுத்தா வராது. நான் மொத தடவ எண்ணெய் தடவ மறந்துட்டேன், சக்கரத்தையும் அச்சையும் சேத்து இழந்து மூணு நாலாயிட்டு.

அச்சு ஒரு ராத்திரி காயட்டும். மறுநாள் அச்சுக்குள்ள எண்ணெயும் பவுடரும் போட்டு, புது உருண்டைய நடுவுல இருந்து ஓரத்துக்கு கட்டை விரலால அமுக்கிக்கிட்டே வாங்க. ஓரத்துல இருந்து ஆரம்பிச்சா காத்து சிக்கி முகத்துல குழி விழும். குழி விழுந்தாலும் பரவாயில்ல, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு அது மேல ஆப்ப சோடா தூவுனா அந்த நொடியே கல்லாயிரும், சூடாவும் ஆகும், கண்ண பக்கத்துல வைக்காதீங்க, புகை ஏறும். நேரம் போகப் போக இன்னும் எறுகிரும், அதனால உடனே தேய்ச்சிருங்க.

உள்பக்கத் தட்டு யார் கண்ணுக்கும் படாது, அதுக்கு வெறும் வட்டம் போதும். அடியில முக்கோணத்துக்குள்ள 6னு போட்ட ஐஸ்கிரீம் கப்பு பாலிஸ்டைரீன்தான், மாடல் பசைல நல்லா ஒட்டும், காம்பஸால வட்டம் கீறி வெட்டி அடுக்கிக்கலாம். பழைய சிடி டப்பாவும் அதே பிளாஸ்டிக், ஆனா வெட்டுறப்ப அப்பளம் மாதிரி ஒடையும். செஞ்ச சக்கரத்தெல்லாம் பின்னாடி, சேறு பூசுற எடத்துக்கு அனுப்புங்க, அசல் சக்கரம் முன்னாடி வரட்டும்.

செயின்

வினைல் செயின் பழசானா ரெண்டு தொல்லை. ஒண்ணு காஞ்சு ஒடையும். இன்னொண்ணு, அதுல இருந்து கசியுற எண்ணெய்ப் பசை படுற எடத்துல பிளாஸ்டிக் சக்கரத்த உருக்கும், சக்கரத்த கடிச்சு வச்ச மாதிரி பள்ளம் இருந்தா அதான் காரணம். அதனால சக்கரத்துக்கு பெயின்ட் நல்லா அடிச்சு காஞ்ச பொறவுதான் செயின் மாட்டணும்.

அறுந்தத பசை போட்டு ஒட்டாதீங்க, நிக்காது. சூடாக்குன ஊசியால ரெண்டு முனையிலயும் துளை போட்டு மீன் பிடிக்கிற நரம்பால தச்சிருங்க, தையல் மட்கார்டுக்கு அடியில ஒளியட்டும். எனக்கு ரெண்டு மூணு பட்டை நீளம் கொறைஞ்சுது, அந்த எடைவெளியையும் மேல மட்கார்டு மறைவுலயே விட்டுட்டேன், இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கல. டி-55க்கு மேல தாங்குற உருளை கெடையாது, அதனால மேல் செயின் சக்கரத்து மேல தொய்ஞ்சு கெடக்கணும். மட்கார்டுக்கும் செயினுக்கும் நடுவுல ஸ்பாஞ்ச் துண்டு சொருகி அமுக்கி, சக்கரம் தொடுற எடத்துல ஃபெவிக்விக் ஒரு சொட்டு. செயின் விறைப்பா நிக்குற டேங்க் பொம்மைக் கடை டேங்க்தான்.

சில்லறை வேலை

டிரம் கட்டாயம் வேணும்னு நெனக்கவங்களுக்கு: 200 லிட்டர் தார் டின் கிட்டத்தட்ட 88 சென்டிமீட்டர் உயரம், 58 அகலம், நம்ம அளவுல 25க்கு 16.5 மில்லிமீட்டர். ரிமோட்ல போடுற ஏஏ பேட்டரி 14.5 மில்லிமீட்டர் பருமன், அது மேல 25 மில்லிமீட்டர் அகல பேப்பர் பட்டைய ஃபெவிகால் தடவி பத்து சுத்து சுத்துனா சரியா வரும். பேட்டரிக்கு மேல மொதல்ல பாலித்தீன் சுத்திக்கோங்க, உருவி எடுக்க.

மட்கார்டு செய்யணும்னா கூல்டிரிங்ஸ் டின்ன வெட்டுங்க, தகடு 0.1 மில்லிமீட்டர், 35ஆல பெருக்குனா மூணரை மில்லிமீட்டர் தகடு கணக்கு, நெளிச்சா தகரம் மாதிரியே நெளியும். இழுவைக் கயிறுக்கு கரண்ட் ஒயர் உள்ள இருக்க செம்பு இழைய முறுக்குங்க. ஏரியலுக்கு, மாடல் கிட்ல பார்ட்டெல்லாம் ஒட்டி வார பிளாஸ்டிக் சட்டத்த மெழுகுவத்திக்கு மேல காட்டி தொவண்டதும் வெளிய எடுத்து இழுத்தா தலமுடி மாதிரி நீளும். சோம்பலா இருந்தா வாரியல்ல ஒரு ஈர்க்கு உருவி சீவிக்கோங்க, நான் அதான் பண்ணேன்.

பெயின்ட்டும் சேறும்

எம்-சீல், செம்பு, பேப்பர், பித்தளைன்னு அஞ்சாறு நெறத்துல கெடக்கும், பிரைமர் அடிச்சாத்தான் ஒரே பொருளா தெரியும், ஒட்டு வேலைல இருக்க குறையும் அப்பத்தான் கண்ணுல படும். ஸ்ப்ரே டப்பான்னா தூரத்துல இருந்து பனி மாதிரி மூணு நாலு தடவ. ஒரே தடவ நனைய அடிச்சா சில பிரைமர் பிளாஸ்டிக்கையே கடிக்கும். சித்திரை வெயில்ல மதியம் அடிச்சா பெயின்ட் காத்துலயே காஞ்சு சொரசொரன்னு விழும், ஐப்பசி மழை ஈரத்துல அடிச்சா வெள்ளை படரும். வெயில் காலத்துல காலைல ஏழு மணிக்கு, ஃபேன நிறுத்திட்டு, ஜன்னலத் தொறந்து வச்சு அடிங்க.

மேல ஆலிவ் பச்சை, ரெண்டு மெல்லிசு பூச்சு. நம்ம ராணுவ வண்டி நம்பர்ல மேல பாக்குற அம்புக்குறி வரும், அத 000 பிரஷ்ல வெள்ளைல வரைஞ்சிட்டேன்.

சேறுக்கு நான் முதல்ல தேரி மண்ணு எடுக்கலாம்னு பாத்தேன், செக்கச்செவேல்னு அழகாத்தான் இருக்கும், ஆனா 1971ல பஞ்சாப் பக்கம் நின்ன டேங்க் திசையன்விளைல நின்ன மாதிரி ஆயிரும். அப்பத்தான் எடுத்து வச்ச வண்டல் டப்பா ஞாபகம் வந்துச்சு. வெளுத்த சாம்பலும் பழுப்பும் கலந்த நெறம், சரியா பொருந்திட்டு. பழைய வாணலில வறுத்துக்கோங்க, இல்லன்னா பூசணம் பிடிக்கும். அம்மில பொடிச்சு, வேட்டித் துணில சலிச்சு எடுங்க, அரை மில்லிமீட்டர் மணல் ஒண்ணு தப்பி வந்தாலும் நம்ம அளவுக்கு அது ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர் ஜல்லி. ஃபெவிகால் தண்ணில கொழச்சு சக்கரத்துலயும் வயித்துலயும் பிஞ்ச மட்கார்டு ஓரத்துலயும் அப்புனேன். எம்-சீல் சக்கரம் எது, அசல் எதுன்னு எனக்கே மறந்துட்டு.

பொங்கலுக்கு அத்தான் வீட்டுக்கு கொண்டு போய் கொடுத்தேன். கையில வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தாவ, குழாய நிமிண்டுனாவ, பொறவு கண்ணாடியப் போட்டுக்கிட்டு செயின் பக்கம் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "சேறு தத்ரூபமா இருக்கே மாப்ள, இது ஆன்லைன்ல எவ்வளவு"ன்னாவ.

"உங்க சோகேசுக்கு அடியில எடுத்ததுதான் அத்தான்."

இப்ப அது மாடி ரூம்ல, மேல் தட்டுல இருக்கு.